மொட்டை மாடியில் மூன்று கிலோவாட்: ஓராண்டு பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

அருப்புக்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2024 ஜூலை மாதக் கடைசியில் 3.24 கிலோவாட் திறனுள்ள சூரிய மின் அமைப்பு இயங்கத் தொடங்கியது. ஆடிக் காற்று, ஐப்பசி மழை, சித்திரை வெயில் என்று ஒரு சுற்று முழுவதையும் அது பார்த்துவிட்ட பிறகே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாங்குவதற்கு முன், பேனல் பொருத்திய மறுவாரமே எழுதப்பட்ட பாராட்டுரைகளை நானும் நிறையப் படித்தேன். மழைக்காலத்தில் தளம் ஒழுகுமா, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் மத்தியானத்தில் ஏன் நின்று போகிறது என்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை இருக்கவில்லை. பொருத்தித் தந்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லப் போகும் குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதே காரணம்.

வாங்கிய பொருள்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 540 வாட் திறனுள்ள மோனோ பெர்க் (ஒற்றைப் படிக சிலிக்கான்) வகைப் பேனல்கள் ஆறு. ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவான அகலம். மூன்று கிலோவாட் ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டர் ஒன்று. ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் துத்தநாகம் பூசிய இரும்புக் (ஜி.ஐ.) குழாய்த் தாங்கு சட்டம், மூன்று எர்த்திங் குழிகள், ஓர் இடிதாங்கி. வரி உட்பட 2,05,000 ரூபாய் ஆயிற்று. மத்திய அரசின் மானியமான 78,000 ரூபாய், வெளியே கொடுத்த மின்சாரத்தையும் உள்ளே எடுத்ததையும் கணக்கிடும் நெட் மீட்டரைப் பொருத்தி அமைப்பை இயக்கிவைத்த ஆறாவது வாரம் என் வங்கிக் கணக்கில் நேரடியாக வந்து சேர்ந்தது. ஆகக் கைப்பணம் 1,27,000 ரூபாய்.

மானியம் வந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2010இல் தொடங்கிய தேசிய சூரிய மின்சக்தி இயக்கத்தின் இலக்கை 2015இல் ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்தியபோது, அதில் 40,000 மெகாவாட் கட்டடங்களின் கூரையிலிருந்து வர வேண்டும் என்றும், 2022க்குள் வர வேண்டும் என்றும் மத்திய அரசு முடிவு செய்தது. வெட்டவெளியில் அமைந்த பெரிய சோலார் பூங்காக்கள் வேகமாகப் பெருகின. கூரைகள் மிகவும் பின்தங்கின. நூறு ஏக்கர் நிலத்தை ஒரே கையெழுத்தில் பேசி முடித்துவிடலாம், நூறு வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராகத்தான் இணங்க வைக்க வேண்டும் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாய் மதிப்பீட்டில், ஒரு கோடி வீடுகளைக் கணக்கில் வைத்து, பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், அதற்கு மேல் எத்தனை போட்டாலும் கூடுதலாக ஒன்றும் கிடையாது. மூன்று கிலோவாட் என்ற அளவு ஊரெல்லாம் ஒரே அச்சாகப் பரவியிருப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

மானியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: பேனல் மட்டுமின்றி, அதற்குள் மின்சாரத்தை உண்டாக்கும் சிறு வில்லைகளான செல்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும். இந்த உள்நாட்டுப் பொருள் விதியைப் பெரிய மின் நிலையங்களின் ஏலங்களில் புகுத்தியதற்காக அமெரிக்கா தொடுத்த வழக்கில், 2016இல் உலக வர்த்தக அமைப்பு இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனாலும் அரசு பணம் கொடுத்து உதவும் இதுபோன்ற திட்டங்களில் அந்த விதி நீடிக்கிறது. வெளிநாட்டுச் செல் வைத்த பேனலைவிட உள்நாட்டுப் பேனல் விலை கூடுதல் என்பதால், மானியத்தில் ஒரு பங்கு நம் கை வழியாக உள்நாட்டு ஆலைகளுக்குப் போகிறது என்று சொல்வதில் தவறில்லை. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதன் விளைவு என்னவென்றால், மானியத்தில் வாங்குபவருக்குப் பேனலில் பெரிதாகத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. நான் விலைப்புள்ளி வாங்கிய நான்கு நிறுவனங்களில் மூன்று, ஒரே ஆலையின் பேனலையே தருவதாகச் சொன்னன. பொருளுக்கு 12 ஆண்டு, மின் உற்பத்தித் திறனுக்கு 25 ஆண்டு என்ற உத்தரவாதமும் ஒன்றேதான். ஆனால் அந்த மூன்றுக்கும் இடையே 30,000 ரூபாய் வரை விலை வித்தியாசம் இருந்தது. அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை. தாங்கு சட்டத்திலும், கம்பியின் பருமனிலும், எர்த்திங் குழியிலும், வேலைக்கு வரும் ஆட்களின் பழக்கத்திலும் இருக்கிறது என்பது எனக்கு ஓராண்டில் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. எனவே இந்த மதிப்பீட்டில் பேனலைப் பற்றிக் குறைவாகவும் கைவேலையைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

தாங்கு சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். தளத்தை ஒட்டித் தாழ்வாகப் போட்டால் 18,000 ரூபாய் மிச்சமாகும் என்று நிறுவனத்தார் சொன்னார்கள். கூழ் வத்தல் எங்கே காயப் போடுவது, கார்த்திகைக்கு விளக்கு எங்கே வைப்பது என்று அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாததால் உயர்த்திப் போடச் சொன்னேன். அது நல்ல முடிவாக அமைந்தது. பேனல்களுக்கு அடியில் இப்போது ஏறக்குறைய நூற்று அறுபத்தைந்து சதுர அடி நிழல் இருக்கிறது, சித்திரை மாதத்தில் அதற்குக் கீழே உள்ள அறையின் கூரை முன்போல் கொதிப்பதில்லை. ஆனால் உயரம் கூடினால் காற்று அடியில் புகுந்து தூக்கும். எங்கள் ஊர் ஆடிக் காற்றில், பொருத்திய பத்தாம் நாளே ஒரு பேனலின் ஓரம் இரவெல்லாம் தடதடவென்று அடித்துக்கொண்டது. ஏறிப் பார்த்தபோது நடுப் பிடிப்புகளில் இரண்டின் போல்ட்டுகளைக் கையாலேயே சுழற்ற முடிந்தது. ஸ்பிரிங் வாஷர் போடவில்லை. தொலைபேசியில் சொன்ன மறுநாள் ஆள் வந்து எல்லாவற்றையும் முறுக்கிவிட்டுப் போனார். அதன் பிறகு சத்தம் இல்லை.

இரண்டாவது குறை மழையோடு வந்தது. தாங்கு சட்டத்தின் கால்களை நிறுத்துவதற்காகத் தளக்கல்லைத் துளைத்து, கான்கிரீட்டில் போல்ட் இறக்கி, மேலே சிறு சிமெண்ட் மேடை கட்டினார்கள். துளைத்த இடத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு எதுவும் போடவில்லை. ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தபோது படுக்கையறைக் கூரையில், விசிறிக் கொக்கிக்கு ஒன்றரை அடி தள்ளி, உள்ளங்கை அளவுக்கு ஈரம் பூத்தது. இது கட்டடத்தின் பழைய விரிசல் என்று நிறுவனத்தார் முதலில் வாதிட்டார்கள். ஈரத்துக்கு நேர் மேலே எந்தக் கால் நிற்கிறது என்று நாடாவை வைத்து அளந்து காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கொத்தனாரை அனுப்ப ஐந்து வாரம் ஆயிற்று. பூச்சுக்கு ஆன செலவைவிட அந்த ஐந்து வாரம்தான் எனக்குக் கசந்தது.

மூன்றாவது குறை கண்ணுக்குத் தெரியாதது. மாசி மாதத்தில், நல்ல வெயில் அடிக்கும் பதினொன்றரை மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று, ஐந்து நிமிடம் கழித்துத் தானே மறுபடி தொடங்கியது. கைப்பேசிச் செயலியில் மின்னழுத்தம் அதிகம் என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. தெருவில் மின்னழுத்தம் ஏறுவதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று நிறுவனத்தார் கையை விரித்துவிட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் மாடியில் இன்வெர்ட்டர் திரையை நானும், கீழே மீட்டர் பெட்டியின் அருகே அளவுமானியோடு எலெக்ட்ரீஷியனும் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் படித்தோம். மீட்டரில் 249 வோல்ட், இன்வெர்ட்டரில் 254. ஐந்து வோல்ட் எங்கிருந்து வந்தது? இன்வெர்ட்டர் மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமானால் வெளியில் உள்ளதைவிடச் சற்று அதிக அழுத்தத்தில் தள்ள வேண்டும். நடுவில் உள்ள கம்பி மெல்லியதாக இருந்தால் அந்த அதிகம் இன்னும் அதிகமாகும். மாடியிலிருந்து மீட்டர் வரை இருபத்தைந்து மீட்டர் தூரத்துக்கு அவர்கள் போட்டிருந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. விளக்குக்கும் விசிறிக்கும் அது தாராளம், இதற்குப் போதாது. 6 சதுர மில்லிமீட்டர் கம்பியாக மாற்றச் சொன்னேன். நிறுவனம் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டது. மாற்றிய பிறகு வித்தியாசம் இரண்டு வோல்ட்டாகக் குறைந்தது, நின்று போவதும் அநேகமாக நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் வரை அந்தக் கம்பியில் நான் இழந்துகொண்டிருந்தேன் என்பது அதன் பிறகுதான் கணக்கில் தெரிந்தது.

எர்த்திங் வேலையை மட்டும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரின் மாறுதிசை மின்பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று என்று மூன்று குழிகள் வேண்டும். வந்த ஆட்கள் இரண்டைத் தோண்டிவிட்டு, கரிசல் மண் இறுகிக் கிடக்கிறது, இடிதாங்கிக் கம்பியை இதிலேயே இணைத்துவிடலாம் என்றார்கள். இடி இறங்கும் கம்பியை இன்வெர்ட்டரின் எர்த்தோடு சேர்ப்பது வீட்டுக்குள் இடியை அழைப்பது போன்றது. அரை நாள் கூடுதல் கூலிக்கு நான் ஒத்துக்கொண்ட பிறகு மூன்றாவதும் தோண்டப்பட்டது. வீட்டில் ஆள் இல்லாமல், வேலையை நம்பி விட்டுவிட்டு அலுவலகம் போகிறவர்களின் மாடிகளில் எத்தனை இடிதாங்கிகள் வெறும் அலங்காரமாக நிற்கின்றன என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இனி உற்பத்தி. 2024 ஆகஸ்ட் முதல் 2025 ஜூலை வரை பன்னிரண்டு மாதங்களில் 4,410 யூனிட் கிடைத்தது; நாளுக்குச் சராசரி 12 யூனிட். ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு ஐந்து யூனிட் என்று விற்பவர்கள் சொல்வது மாசி மாதத்தின் தெளிந்த நாள்களுக்கு மட்டுமே பொருந்தும். எங்கள் வீட்டின் உச்சம் அந்த மாதத்தில் வந்த 16.1 யூனிட், மிகக் குறைவு, டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டிய நாளில் வந்த 1.9 யூனிட். சித்திரையில் அதிகம் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தவர்கள் ஏமாறுவார்கள். பேனலின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுவது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். கத்திரி வெயிலில் பேனலின் முதுகு 65 டிகிரியைத் தொடும்போது ஏழில் ஒரு பங்கு அதிலேயே போய்விடுகிறது. வெளிச்சம்தான் அதற்கு வேண்டும், வெப்பம் வேண்டாம்.

பக்கத்து வீட்டுத் தென்னை ஒன்று மாலை நான்கு மணிக்குக் கடைசிப் பேனலின் மேல் ஓர் ஓலை நிழலை விடுகிறது. ஆறு பேனல்களும் ஒரே சரமாக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றில் விழும் நிழல் சரத்தையே இழுக்கும். நிழல் விழுந்த பகுதியைச் சுற்றி மின்சாரத்தைக் கடத்திவிடும் பைபாஸ் டையோடுகள் பேனலுக்குள் இருந்து பாதிப்பைக் குறைத்தாலும் முழுவதும் தடுப்பதில்லை. மரத்தை வெட்டச் சொல்லும் உரிமையோ மனமோ எனக்கு இல்லை. இடம் பார்க்க வந்த பொறியாளர் காலை பத்து மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனதால் இந்த நிழலைக் காணவில்லை என்பதைக் குறித்துவைக்கிறேன்.

சுத்தம் செய்வதைப் பற்றி. எங்களிடமிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கமுதியில், 2016இல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அப்போது உலகிலேயே அதுதான் பெரியது. இருபத்தைந்து லட்சம் பேனல்களை அங்கே எந்திரங்கள் துடைக்கின்றன. எங்கள் வீட்டில் ஆறு பேனல்களை நான் துடைக்கிறேன். தொடக்கத்தில் போர்த் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சிக் கழுவினேன். இரண்டே மாதத்தில் பேனல்களின் கீழ் ஓரத்தில், செம்பில் படிவதைப் போல, வெள்ளை உப்புக் கோடு ஏறிவிட்டது. விரல் நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. வினிகர் கலந்த நீரில் துணியை நனைத்து மெதுவாகத் தேய்த்துத்தான் எடுத்தேன். இப்போது பத்து நாளுக்கு ஒரு முறை, விடிந்து வெயில் ஏறுவதற்குள், பிடித்து வைத்த மழை நீரிலோ குடிநீர் வாரிய நீரிலோ நீளக் கைப்பிடித் துடைப்பானால் துடைக்கிறேன். நிறுவனத்தின் கையேட்டில் தண்ணீரின் உப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கட்டணக் கணக்குக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 900 யூனிட் செலவழித்து, 6,000 ரூபாயை ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்த வீடு இது. நெட் மீட்டர் வந்த பிறகு, கொடுத்தது போக எடுத்த யூனிட்டுக்கு மட்டுமே கட்டணம் என்பதால், மின் வாரியத்தின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணத்தையும் சேர்த்துப் பெரும்பாலான கணக்குகள் 500 ரூபாய்க்குள் அடங்கின. குளிர்சாதனம் இரவெல்லாம் ஓடிய கோடைக் கணக்கு மட்டும் 1,400ஐத் தாண்டியது. ஆண்டுக்கு 33,000 ரூபாய் மிச்சம் என்று வைத்தால் போட்ட பணம் நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் உடனே போட்டுவிட வேண்டாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் 2016 முதல் இலவசம். அதற்கு மேலும் அடிப் படிகளில் கட்டணம் குறைவு, 500ஐத் தாண்டிய பிறகே ஏறுமுகம். 300 யூனிட் செலவழிக்கும் வீடு இரண்டு மாதத்துக்குக் கட்டுவது ஏறக்குறைய 700 ரூபாய். அந்த வீட்டுக்கு ஒரு கிலோவாட் போட்டாலும், மானியம் போகக் கைப்பணம் திரும்பி வரப் பத்தாண்டு ஆகலாம். சொந்தக் கூரை இல்லாத வாடகைக் குடித்தனக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2011இல் தமிழக அரசு ஊர்ப்புற ஏழைகளுக்கு 300 சதுர அடியில் சோலார் விளக்குகளோடு பசுமை வீடுகள் கட்டித் தரத் தொடங்கியபோது, சூரிய ஒளி யாருக்குப் போக வேண்டும் என்பதில் ஒரு தெளிவு இருந்தது. இப்போதைய மானியம் என்னைப் போல் குளிர்சாதனம் வைத்திருப்பவர்களுக்கே அதிகம் பயன்படுகிறது. அதை வாங்கிக்கொண்டு இதை எழுதுவதில் உள்ள முரண் எனக்கும் தெரியும்.

இன்னொன்றையும் விற்பவர்கள் மெல்லிய குரலில்தான் சொல்கிறார்கள். கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வெளியே மின்சாரம் இல்லை என்றதும் இன்வெர்ட்டர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை மின்தடை செய்யும் நாளில், மேலே வெயில் கொளுத்த, கீழே விசிறி சுற்றாமல் உட்கார்ந்திருப்போம். சோலார் போட்டும் உங்களுக்குக் கரண்ட் இல்லையா என்று எதிர் வீட்டு அக்கா கேட்காத மாதம் இல்லை. பழைய பேட்டரி இன்வெர்ட்டரை விற்றுவிடாமல் வைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் அமைப்பு வேண்டுமானால் விலை ஏறக்குறைய இரு மடங்குக்குப் போகும் என்றார்கள். எங்கள் ஊர் மின்தடைக்கு அது அதிகப்படி.

சேவையைப் பொறுத்தவரை நிறுவனத்தின் போக்கு இரண்டு பருவமாகப் பிரிந்தது. கடைசித் தவணை கைக்கு வரும் வரை அழைத்த மறுநாள் வந்தார்கள். தவணை வந்த பிறகு, ஒழுகலுக்கு ஐந்து வாரம், கம்பிக்கு மூன்று வாரம். ஆனாலும் ஒரு முறைகூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை, வந்தவர்கள் வேலை தெரிந்தவர்கள், விண்ணப்பம், மீட்டர், மானியம் ஆகிய காகித வேலைகளை என்னை ஓர் அலுவலகத்துக்கும் அலைய விடாமல் முடித்துக் கொடுத்தார்கள். பேனலுக்கு ஐந்துக்கு நான்கரை, பொருத்திய வேலைக்கு இரண்டரை, காகித வேலைக்கு ஐந்து என்று மதிப்பெண் கொடுப்பேன்.

2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் என் மைத்துனர் தன் வீட்டுக்குப் போட விரும்பினார். வேறு இரண்டு இடங்களில் விசாரித்துவிட்டு, கடைசியில் அதே நிறுவனத்தைத்தான் அழைத்தோம். இம்முறை ஒப்பந்தத் தாளில் நான்கு வரிகள் கையால் சேர்க்கப்பட்டன: மாலையிலும் ஒரு முறை வந்து நிழல் பார்க்க வேண்டும்; மீட்டர் வரைக்கும் 6 சதுர மில்லிமீட்டர் கம்பி; துளைக்கும் ஒவ்வோர் இடத்திலும் நீர்த்தடுப்புப் பூச்சு; கடைசிப் பதினையாயிரம் ரூபாய் ஐப்பசி மழை முடிந்த பிறகு. முதல் மூன்றுக்கும் உரிமையாளர் உடனே கையெழுத்துப் போட்டார். நான்காவதைப் படித்துவிட்டுச் சிரித்தார், பதினையாயிரத்தை அடித்துப் பத்தாயிரம் என்று எழுதி, அதற்கும் கையெழுத்துப் போட்டார்.